அமெரிக்காவைக் காரில் குறுக்கே கடக்கும்போது நிலம் எப்படி மாறுகிறது? ஐ-80 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூஜெர்சியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை ஐ-80 நெடுஞ்சாலையில் காரிலேயே போகப் போகிறேன் என்று சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். "விமானம் ஓடவில்லையா?" என்பது ஒன்று. "நெப்ராஸ்காவை மட்டும் ராத்திரியில் ஓட்டிக் கடந்துவிடு, அங்கே ஒன்றுமே இல்லை" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு அவரவர் பதில் அவரவருக்கு. இரண்டாவது அறிவுரை தப்பு. இந்தப் பாதையில் மிகப் பெரிய மாற்றம் நடப்பதே அந்த "ஒன்றுமே இல்லாத" மாநிலத்தில்தான். அது மெதுவாக நடப்பதால் கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான். எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போக நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே.

ஏன் ஐ-80? இதைவிட அழகான சாலைகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. கொலராடோவிலும் யூட்டாவிலும் ஐ-70 இதை எளிதாக ஜெயித்துவிடும். ஆனால் அது கடல்வரை போவதில்லை, யூட்டாவிலேயே முடிந்துவிடுகிறது. ஐ-80 நியூஜெர்சியின் டீனெக்கில் தொடங்கி, 11 மாநிலங்களைத் தொட்டுக்கொண்டு, சுமார் 2,900 மைல் ஓடி சான் பிரான்சிஸ்கோவில் முடிகிறது. 1986-ல் சால்ட் லேக் சிட்டி அருகே கடைசித் துண்டைப் போட்டு முடித்தார்கள்.

இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. மிசௌரி ஆற்றுக்கு மேற்கே இந்தச் சாலை பெரும்பாலும் பழைய தடங்களின் மேல், அல்லது அவற்றின் பக்கத்தில் போகிறது. 1840-களில் மாட்டு வண்டிகளில் மேற்கே குடிபெயர்ந்தவர்கள், 1860-ல் குதிரைத் தபால்காரர்கள், 1869-ல் முடிந்த ரயில் பாதை, 1913-ல் அறிவிக்கப்பட்ட லிங்கன் நெடுஞ்சாலை என்று எல்லோருக்கும் பல இடங்களில் இதே வழிதான். மாட்டுக்குத் தண்ணீரும் புல்லும் வேண்டும், ரயிலுக்குச் சரிவு குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் கிடைத்த இடம் ஆற்றோரம். அதனால் பிரமாதமான காட்சிகளைச் சாலை ஒதுக்கிவிட்டுப் போகிறது என்பது உண்மை. ஆனால் ஈரமான கிழக்கு எப்படிப் படிப்படியாக வறண்ட மேற்காகிறது என்பதை ஒரே கோட்டில் தொடர்ந்து பார்க்க இதைவிட நல்ல சாலை கிடையாது.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

நிற்காமல் ஓட்டினால் 42, 43 மணி நேரம். ஐந்து நாளில் முடிக்கலாம். பெயர்ப்பலகைகளும் பெட்ரோல் பங்குகளும்தான் நினைவில் நிற்கும். எட்டிலிருந்து பத்து நாள் இருந்தால் நல்லது. தினமும் இத்தனை மைல் என்று சமமாகப் பிரிக்காதீர்கள். ஒஹாயோ, இண்டியானாவில் விரட்டி ஓட்டுங்கள். அங்கே மிச்சம் பிடித்த நேரத்தை மேற்கு நெப்ராஸ்காவிலும் வயோமிங்கிலும் நெவாடாவிலும் செலவழியுங்கள்.

கிழக்கிலிருந்து மேற்கே போவதா, மேற்கிலிருந்து கிழக்கேயா?

என் ஓட்டு மேற்கே போவதற்குத்தான். காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும், எதிரே இருப்பதன் மேல் வெளிச்சம் விழும். கடிகாரமும் உங்கள் பக்கம்: இண்டியானாவின் வடமேற்கு மூலையில் ஒரு மணி நேரம், நெப்ராஸ்காவில் நார்த் பிளாட்டைத் தாண்டி ஒரு மணி நேரம், நெவாடா எல்லையில் ஒரு மணி நேரம் என்று மூன்று முறை நேரம் லாபம். (எல்லையிலிருக்கும் வெஸ்ட் வெண்டோவர் ஊர் மட்டும் நெவாடாவில் இருந்துகொண்டு யூட்டா நேரத்தை வைத்திருக்கிறது. ஓட்டல் செக்-அவுட் நேரத்தில் ஏமாறாதீர்கள்.) மாலையில் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், அதற்கு முன் வண்டியை நிறுத்திவிடுவது உத்தமம்.

ஒரே ஒரு இடத்தில் எதிர்த்திசை மேல். சியரா நெவாடா மலையை கலிஃபோர்னியாப் பக்கமிருந்து ஏறி உச்சி தாண்டி இறங்கினால், காடு தீர்ந்து பாலை தொடங்குவது ஒரு மணி நேரத்துக்குள் நடந்துவிடும்.

பென்சில்வேனியாவில் 300 மைலுக்கு மரம்தான் தெரிகிறது. இதில் என்ன பார்ப்பது?

நுழைவாயிலைப் பாருங்கள். நியூஜெர்சியைவிட்டு வெளியேறும் இடத்தில் டெலவேர் ஆறு ஒரு மலைத்தொடரை நேராக அறுத்துக்கொண்டு வருகிறது. இரண்டு பக்கமும் 300 மீட்டருக்கு மேல் பாறைச்சுவர். அந்த இடைவெளி வழியே சாலையும் நுழைகிறது. பாறை அடுக்குகள் படுத்திருக்காமல் சாய்ந்து நிற்பது காரிலிருந்தே தெரியும். இந்த மடிப்புகள் விழுந்து சுமார் 30 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து மழையும் ஆறும் தேய்த்துத் தேய்த்து மிச்சம் வைத்ததுதான் இன்றைய அப்பலாச்சியன் மலைகள்.

காட்டைப் பற்றி ஒன்று. அது ஆதிகாலத்துக் காடு போலத் தோன்றும், அப்படியில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் இந்த மாநிலத்தின் காடுகளில் பெரும்பகுதியை வெட்டித் தீர்த்துவிட்டார்கள். நீங்கள் பார்ப்பது அதன் பிறகு தானாக முளைத்து வளர்ந்தது. அவ்வளவு சீக்கிரம் காடு திரும்பி வருகிறது என்றால் அங்கே மழைக்குக் குறைவில்லை என்று அர்த்தம். மேற்கே போகப் போக இந்த வசதி குறைந்துகொண்டே வரும்.

கிளியர்ஃபீல்டு கவுண்டியில் ஒரு பலகை இருக்கும்: மிசிசிப்பிக்குக் கிழக்கே ஐ-80-ன் மிக உயரமான இடம், 2,250 அடி. அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வயோமிங்கில் கிரீன் ரிவர் ஊரின் ஆற்றங்கரையே 6,000 அடிக்கு மேல்.

ஒஹாயோவிலிருந்து அயோவா வரை ஏன் இவ்வளவு தட்டை?

பனிதான் காரணம். கனடாவிலிருந்து இறங்கிவந்த பெரும் பனிப்பாளம் பலமுறை இந்த நிலத்தின் மேல் ஏறி, மேடுகளைச் சுரண்டி, பள்ளங்களை நிரப்பி, உருகும்போது களிமண்ணும் கல்லும் கலந்த படிவைப் பரப்பிவிட்டுப் போயிற்று. கடைசி முறை அது உச்சத்தில் இருந்தது சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு. வடமேற்கு ஒஹாயோவில் தட்டைத்தன்மைக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. டொலிடோ சுற்றுவட்டாரம் இன்றைய ஈரி ஏரிக்கு முந்தைய ஒரு பெரிய ஏரியின் தரை. 19-ஆம் நூற்றாண்டு வரை அங்கே வண்டியே போக முடியாத பெரும் சதுப்புக்காடு இருந்தது. மண்ணுக்கடியில் சுட்ட களிமண் குழாய்களைப் பதித்துத் தண்ணீரை வடித்து வயலாக்கினார்கள். சாலையோரம் நேர்கோட்டில் ஓடும் ஆழமான வாய்க்கால்களைப் பார்த்தால், அந்த வேலை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று புரியும். இங்கே விவசாயிக்குப் பிரச்சினை தண்ணீர் அதிகம் என்பது. 800 மைல் தள்ளி அது தலைகீழாகும்.

அயோவா தட்டை என்பது மட்டும் வதந்தி. அயோவா சிட்டியிலிருந்து டெமாயின் வரை சாலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அங்கே பனி கடைசியாக வந்து போய் 5 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஓடைகளுக்கு நிலத்தை அறுக்க நிறைய நேரம் கிடைத்திருக்கிறது. டெமாயினுக்கு வடக்கே கடைசிப் பனிப்பாளத்தின் ஒரு நாக்கு நீண்டு வந்து நின்றது. அங்கே நிலம் இன்றும் புதுசு, அதனால் தட்டை. ஒரே மாநிலத்துக்குள் பழைய நிலமும் புதிய நிலமும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன.

சோளக்காட்டைத் தவிர வேறு எதுவும் தெரியாதா?

எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜூலை பிற்பாதியிலிருந்து அறுவடை வரை மக்காச்சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். இருபுறமும் பச்சைச் சுவர். நிலத்தின் வளைவு நெளிவு எதுவும் தெரியாது. ஏப்ரல் கடைசி, மே மாதத்தில் போனால் உழுத கருமண்ணும் நிலத்தின் வடிவமும் திறந்து கிடக்கும். அந்தக் கருப்பு நிறம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்து மக்கிய பிரெய்ரிப் புல்லின் சொத்து. அயோவாவில் அந்தப் புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இன்று மிச்சமில்லை.

மிசௌரி ஆற்றை நெருங்கும்போது, கவுன்சில் பிளஃப்ஸ் பக்கம், மஞ்சள் நிறத்தில் செங்குத்தான சிறு குன்றுகள் வரும். அவை பாறை இல்லை. பனி உருகிய ஆற்றுப்படுகையிலிருந்து காற்று வாரிக்கொண்டுவந்து குவித்த பொடிமண். சில இடங்களில் 60 மீட்டர் தடிமன்.

ஊர்ச்சாலைகள் ஏன் கட்டம் போட்ட நோட்டு மாதிரி இருக்கின்றன?

1785-ல் போட்ட நில அளவைச் சட்டம். நிலத்தை ஒரு மைல் சதுரங்களாகப் பிரித்து விற்றார்கள், சாலைகள் அந்தக் கோடுகளின் மேல் வந்தன. பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்கும். அதைச் சரிக்கட்ட, நேரே போகும் கிராமத்துச் சாலை திடீரென்று காரணமில்லாமல் ஒடிந்து மறுபடி நேராகும்.

சரி, நெப்ராஸ்கா. உண்மையைச் சொல்லுங்கள், சலிப்பாக இருக்குமா இருக்காதா?

லிங்கனுக்கும் கிராண்ட் ஐலண்டுக்கும் இடையே சுமார் 72 மைல் சாலை ஏறக்குறைய கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது. அந்தத் துண்டைப் பற்றி நான் எதுவும் வாதாடப் போவதில்லை. ஆனால் மாநிலம் முழுக்க அப்படி என்று நினைக்காதீர்கள். 455 மைலில் இங்கே நடப்பவை இவை.

முதலாவது, ஏற்றம். ஓமஹா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி. வயோமிங் எல்லையில் நீங்கள் 5,000 அடிக்கு வந்துவிடுவீர்கள். பென்சில்வேனியா மலைகளில் ஏறியதைவிடப் பெரிய ஏற்றம். ஆனால் மைலுக்கு ஒன்பது அடி வீதம் என்பதால் எஞ்சினுக்கும் தெரியாது, காதுக்கும் தெரியாது. போனில் உயரம் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும், சலிப்பு பாதி போய்விடும். ராக்கி மலைகளிலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டுவந்த மணலும் சரளையும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பரவி, மலையடிவாரத்தில் தடிமனாகவும் தூரத்தில் மெலிதாகவும் படிந்தன. பிறகு நிலப்பகுதியே மேற்குப்பக்கம் உயர்ந்தது. சமவெளி என்று நாம் சொல்வது ஒரு நீண்ட சாய்வு.

இரண்டாவது, மரம். கிழக்கு நெப்ராஸ்காவில் வீட்டைச் சுற்றி, வயல் ஓரத்தில், ஓடைக்கரையில் என்று எங்கும் மரம் இருக்கும். கியர்னியைத் தாண்டினால் பிளாட் ஆற்றை ஒட்டி மட்டும். சிட்னி பக்கம் வரும்போது ஓடைப் பள்ளத்திலும் வீட்டுக்குக் காற்றுத் தடுப்பாக நட்ட வரிசையிலும் மட்டும். ஆற்றோரத்து காட்டன்வுட் மரங்கள்கூட (பாப்லர் வகை) பெரும்பாலும் புதியவை. முன்பு வசந்தகால வெள்ளம் நாற்றுகளை அடித்துக்கொண்டு போகும். மேலே அணைகளும் வாய்க்கால்களும் வந்து வெள்ளம் அடங்கிய பிறகுதான் மணல் திட்டுகளில் மரம் நிலைத்தது.

மூன்றாவது, பயிர். முதலில் மழையில் வளரும் மக்காச்சோளம். அப்புறம் அதே சோளம், ஆனால் வயலுக்குள் சக்கரங்களின் மேல் நீண்ட குழாய் நிற்கும். மையத்தில் ஒரு கிணறு, அதைச் சுற்றி மெல்ல நகர்ந்து தண்ணீர் தெளிக்கும் கருவி. ஃபிராங்க் ஸைபாக் என்ற விவசாயி 1952-ல் காப்புரிமை வாங்கியது. விமானத்தில் போனவர்கள் மேலிருந்து பார்க்கும் பச்சை வட்டங்கள் இவைதான். தண்ணீர் வருவது ஓகலாலா நிலத்தடி நீரிலிருந்து. நீர்மட்டம் பல இடங்களில், குறிப்பாகத் தெற்கே கேன்சஸிலும் டெக்சஸிலும், வெகுவாக இறங்கிவிட்டது. இன்னும் மேற்கே போனால் வட்டங்கள் குறைந்து கோதுமை வரும். கோதுமையும் தீர்ந்தால் மேய்ச்சல் நிலம். தண்ணீர்க் கணக்கை நிலமே எழுதிக் காட்டுகிறது.

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு பரிசு. கியர்னி சுற்றுவட்டாரத்தில் பிளாட் ஆற்றின் ஆழமில்லாத தண்ணீரில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மணற்குன்றுக் கொக்குகள் இரவு தங்கும். விடியற்காலையில் அவை கிளம்பும் சத்தத்துக்காகவே தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம்.

"மேற்கு" எந்த இடத்தில் தொடங்குகிறது?

படம் எடுத்துக்கொள்ள ஒரு பலகை வேண்டும் என்றால் கோசாட் என்ற ஊரில் இறங்குங்கள். 100-வது மேற்குத் தீர்க்கரேகை அந்த ஊர் வழியே போகிறது. ஆண்டுக்கு சுமார் 500 மில்லிமீட்டர் மழை என்ற எல்லை ஏறக்குறைய இந்தக் கோட்டை ஒட்டியது. அதற்குக் குறைந்தால் பாசனம் இல்லாமல் விவசாயத்தை நம்ப முடியாது. மேற்கை ஆராய்ந்த நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் 1878-லேயே அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கையில் இதைச் சொல்லி, மேற்கே 160 ஏக்கர் பண்ணை என்ற கணக்கு எடுபடாது என்று எச்சரித்தார். கேட்டவர்கள் குறைவு.

பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு வித்தியாசமும் தெரியாது. 100 மைல் முன்னால் எடுத்த படத்தையும் 100 மைல் பின்னால் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

ராக்கி மலைகள் எப்போது சுவர் மாதிரி எழுந்து நிற்கும்?

இந்தச் சாலையில் நிற்காது. டென்வருக்குப் போகிறவர்களுக்குத்தான் அந்தக் காட்சி. ஷயனுக்கு மேற்கே நீங்கள் சமவெளியிலேயே ஓட்டிக்கொண்டிருப்பதாக நினைக்கும்போதே மலைமேல் இருப்பீர்கள்.

இதற்குக் காரணமான இடம் சின்னது, ஆனால் இந்தப் பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. மலைக்கும் சமவெளிக்கும் இடையே இருந்த மென்மையான படிவை மற்ற எல்லா இடங்களிலும் ஓடைகள் அரித்துப் பள்ளமாக்கிவிட்டன. இங்கே மட்டும் குறுகலான ஒரு நாக்கு அரிபடாமல் மலையின் மேல்வரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1860-களில் ரயில் பாதைக்காக மலைமேல் வழி தேடியவர்களுக்கு இது கிடைத்தது. ரயிலும் அதன்பின் ஐ-80-ம் அந்த ஒற்றை நாக்கின் மேலேயே ஏறுகின்றன. பக்கவாட்டில் நிலம் இரண்டு பக்கமும் சரிவதைப் பார்த்தால் புரிந்துவிடும்.

முடிவில் இளஞ்சிவப்பு கிரானைட் பாறைகள் தலைகாட்டும். சுமார் 140 கோடி ஆண்டுப் பழசு. சாலையின் இரண்டு பாதைகளுக்கும் நடுவே பாறைப் பிளவில் ஒரு பைன் மரம் தனியாக நிற்கும், வண்டி நிறுத்த இடமும் உண்டு. அதற்கப்புறம் ஷெர்மன் உச்சி, 8,640 அடி. ஐ-80-ல் இதைவிட உயரமான இடம் இல்லை.

வயோமிங்கில் சாலையோரம் நிற்கும் மர வேலிகள் எதற்கு? மாட்டுக்கா?

பனிக்கு. அங்கே காற்று பனியைக் கிடைமட்டமாக ஓட்டிக்கொண்டு போகும். வேலி காற்றின் வேகத்தைக் குறைத்துப் பனியைச் சாலைக்கு வரும் முன்பே கொட்ட வைக்கிறது. லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையிலான பகுதி குளிர்காலத்தில் அடிக்கடி மூடப்படும். அக்டோபரிலிருந்து மே வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம், எனவே கிளம்பும் முன் மாநிலச் சாலைத்துறையின் நிலவரத்தைப் பாருங்கள். வெயில் காலத்தில்கூடக் காற்று லேசுப்பட்டதில்லை. காலி டிரக்குகளின் பக்கத்தில் வெகுநேரம் ஓட்டாதீர்கள்.

கண்டத்தின் நீர்ப்பிரிமேட்டை இரண்டு முறை கடக்கிறோமே, அது எப்படி?

ஒரு பக்கத்து மழை அட்லாண்டிக்குக்கும் மறுபக்கத்து மழை பசிபிக்குக்கும் பிரியும் கோடு அது. ராலின்ஸுக்கும் ராக் ஸ்பிரிங்ஸுக்கும் இடையே அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்து ஒரு பெரிய படுகையைச் சுற்றிக்கொண்டு மறுபடி சேர்கிறது. படுகைக்குள் விழும் மழை அட்லாண்டிக்குக்கும் போகாது, பசிபிக்குக்கும் போகாது. அங்கேயே ஆவியாகிவிடும். அந்த வழியில் கண்ணுக்கெட்டிய வரை சாம்பல்பச்சை சேஜ்பிரஷ் புதர். மழை தூறியபின் கண்ணாடியை இறக்கி மூச்சை இழுங்கள். வேலிக்கு அப்பால் மான் போல் நிற்பது பிராங்ஹார்ன். இந்தக் கண்டத்தில் அதைவிட வேகமாக ஓடும் விலங்கு இல்லை.

சால்ட் லேக் சிட்டி அருகே மலைச்சரிவில் கிடைக்கோடுகள் தெரிகின்றன. பழைய சாலைகளா?

கரைகள். எக்கோ பள்ளத்தாக்கின் சிவப்புப் பாறைகளைத் தாண்டி, பார்லீஸ் பள்ளத்தாக்கு வழியாக நகரத்துக்கு இறங்கியபின் திரும்பி மலையைப் பாருங்கள். தொட்டியில் தண்ணீர் வற்றியதும் சுவரில் கறைக்கோடு தங்குமே, அப்படி மலையில் படிப்படியாகக் கோடுகள் தங்கியிருக்கின்றன. பனிக்காலத்தில் இங்கே பான்வில் என்ற மாபெரும் ஏரி இருந்தது, மிக ஆழமான இடத்தில் 300 மீட்டர். ஒரு கட்டத்தில் வடக்கே கரை உடைந்து பெருவெள்ளமாக வடிந்து ஒரு கோட்டில் நின்றது. பிறகு தட்பவெப்பம் மாறி வறண்டுபோனது. மிச்சம்தான் இன்றைய பெரிய உப்பு ஏரி. அது அந்தப் பழைய ஏரியின் ஒரு சொட்டு. இப்போது அதுவும் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

உப்புவெளியில் நடக்கலாமா?

நடக்கலாம். வெண்டோவருக்குக் கிழக்கே சுமார் 10 மைலில் ரெஸ்ட் ஏரியா இருக்கிறது, அங்கிருந்தே இறங்கலாம். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மேலே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். வானம் முழுக்க அதில் தெரியும். காய்ந்திருக்கும்போது அறுகோண விளிம்புகள் தெரியும். காரை மட்டும் கண்ட இடத்தில் இறக்காதீர்கள். உப்பு ஓட்டுக்குக் கீழே சேறு, சக்கரம் உள்ளே போய்விடும். 1970-ல் ஒரு ராக்கெட் கார் மணிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டியது இதே வெளியில்தான். ஆனால் அது காய்ந்த காலத்தில், சோதித்துப் பார்த்த தடத்தில்.

நெவாடாவில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறதே?

வரும். மலை, பள்ளத்தாக்கு, மலை, பள்ளத்தாக்கு. இங்கே பூமியின் மேலோடு கிழக்கு மேற்காக இழுபட்டுக்கொண்டிருக்கிறது. ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் வேலை. இழுத்ததில் மேலோடு துண்டு துண்டாக உடைந்து, சில துண்டுகள் சாய்ந்து உயர்ந்து மலையாயின, சில இறங்கிப் பள்ளமாயின. நெவாடாவில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட மலைத்தொடர்கள், கிட்டத்தட்ட எல்லாமே வடக்கு தெற்காக. நீங்கள் அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறீர்கள்.

இந்த மறுபடி மறுபடியை ஒரு வசதியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரே பாடத்தைத் திரும்பப் படிக்கலாம். அடியில் வெளிறிய உப்புத்தரை, அங்கே ஒன்றும் முளைக்காது. அதைச் சுற்றி சேஜ்பிரஷ். சற்று மேலே, கரும்புள்ளிகளாக ஜூனிப்பரும் சிறு பைன்களும். உயரமான தொடர்களில் அதற்கும் மேலே பனி. மேலே போனால் குளிர்ச்சி, குளிர்ச்சியானால் ஈரம். கிழக்கிலிருந்து 2,000 மைல் வந்து பார்த்த மாற்றத்தை இங்கே ஒரு சரிவில் தலைகீழாகப் பார்த்துவிடலாம். வடக்குச் சரிவையும் தெற்குச் சரிவையும் ஒப்பிடுங்கள், வெயில் படுவது குறைந்தாலே மரம் கூடும்.

வெல்ஸ் ஊரிலிருந்து சாலை ஹம்போல்ட் ஆற்றைப் பிடித்துக்கொள்ளும். சுமார் 300 மைல் மேற்கே ஓடும் இந்த ஆறு கடலைப் பார்ப்பதே இல்லை. லவ்லாக் தாண்டி ஒரு பள்ளத்தில் பரவிக் காய்ந்துவிடும். அதற்கப்புறம் ட்ரக்கி ஆறு வரை தண்ணீரே இல்லாத 40 மைல். மாட்டு வண்டியில் வந்தவர்கள் மாடுகளையும் சாமான்களையும் மிக அதிகமாக இழந்த இடம் அது. நமக்கு அரை மணி நேரம்.

சியராவில் எல்லாம் ஒரேயடியாக மாறிவிடுகிறதே, ஏன்?

அதுவரை நீங்கள் வந்த வறட்சிக்கெல்லாம் பெரும் பங்கு காரணமே இந்த மலைதான். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்குவது காய்ந்த காற்று. ரெனோவுக்கு ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூட மழை கிடைப்பதில்லை. 7,239 அடியில் இருக்கும் டானர் உச்சியின் அருகே சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 9 மீட்டர் பனி விழுகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஓட்டம்.

அந்தப் பெயர் 1846-ல் வந்த ஒரு குழுவினுடையது. "குறுக்கு வழி" என்று சொன்னதை நம்பி, நீங்கள் ஒரு மணி நேரத்தில் கடந்த அந்த உப்புவெளியில் பல நாட்களையும் மாடுகளையும் இழந்து தாமதமானார்கள். இங்கே வந்து சேர்ந்தபோது பனி வழியை மூடிவிட்டது. கிட்டத்தட்டப் பாதிப்பேர் பிழைக்கவில்லை.

மலையின் வடிவத்தையும் கவனியுங்கள். கிழக்குப்பக்கம் செங்குத்து, மேற்குப்பக்கம் சுமார் 90 மைல் நீளச் சரிவு. அந்தச் சரிவில் பனிப்பாறை மெருகேற்றிய வெள்ளைக் கிரானைட், ஃபிர் காடு, உயரமான பைன்கள், கருவாலி மரங்கள் நிற்கும் மஞ்சள் புல்மேடுகள் என்று வரிசையாக இறங்கும். கோல்ட் ரன் அருகே வெட்டுண்ட மலை ஒன்று தெரியும். இயற்கை செய்ததில்லை, தங்கத்துக்காகத் தண்ணீரைப் பீய்ச்சி மலையையே கரைத்தார்கள். கீழே விவசாயிகளின் வயல்களும் ஆறுகளும் சேற்றில் மூடிப்போய், வழக்கு நடந்து, 1884-ல் நீதிமன்றம் தடுத்தது. சாக்ரமெண்டோ கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் இருக்கிறது. அதைத் தாண்டியதும் சாலை வெள்ள வடிகால் நிலத்தின் மேல் நீண்ட பாலமாகப் போகும். மழைக்காலத்தில் கீழே முழுக்கத் தண்ணீர், கோடையில் நெல் வயல்.

ஓட்டிக்கொண்டே இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது?

பார்க்காதீர்கள். வயோமிங், யூட்டா, நெவாடாவில் வேக வரம்பே 75, 80 மைல். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும், பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். இன்டர்ஸ்டேட் ஓரத்தில் அவசரத்துக்குத் தவிர நிறுத்தக் கூடாது. அதற்கு ரெஸ்ட் ஏரியாவும் எக்ஸிட்டும் இருக்கின்றன. "வசதிகள் இல்லை" என்று எழுதிய எக்ஸிட்டில் இறங்கினால் பெரும்பாலும் யாருமே இருக்க மாட்டார்கள், நின்று பார்க்க அதுதான் நல்ல இடம். மேற்கே டேங்க் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள்.

போட்டோ எடுத்தால் எல்லாமே ஒரே மாதிரி வருகிறது.

அகலம் போனுக்குள் அடங்காது. குனிந்து எடுங்கள்: நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் காலடி மண், அங்கே முளைத்திருக்கும் செடி. கருமண், மஞ்சள் பொடி, சரளை, உப்பு, கிரானைட் தூள் என்று வரிசையாக வரும். குழந்தைகள் கூட வந்தால் இந்த வேலையை அவர்களிடமே கொடுத்துவிடலாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஐ-80-ஐ விட்டு விலகலாம் என்றால் எங்கே?

நேரம் இருந்தால் நெவாடாவில் யூ.எஸ். 50. அங்கே சாலை ஆற்றோரம் நழுவாமல் ஒவ்வொரு தொடரையும் ஏறி இறங்கும். ஆனால் ஒன்றே ஒன்று என்றால் நான் நெப்ராஸ்காவையே சொல்வேன். கிராண்ட் ஐலண்டில் நெடுஞ்சாலை 2-ஐப் பிடித்து வடமேற்கே போங்கள். கொஞ்ச நேரத்தில் வயல்கள் தீர்ந்து மணற்குன்றுகள் தொடங்கும். 50,000 சதுர கிலோமீட்டர், மேற்கு அரைக்கோளத்திலேயே மிகப் பெரிய மணற்குன்றுப் பரப்பு, ஆனால் முழுக்கப் புல் மூடியது. அலையன்ஸ் வரை போய், அங்கிருந்து தெற்கே சிட்னிக்கு இறங்கினால் மறுபடி ஐ-80. கூடுதலாக ஒரு நாள் ஆகும். ஊர்கள் குறைவு, போன் சிக்னல் விட்டு விட்டு வரும், பெட்ரோலை புரோக்கன் போவில் நிரப்பிக்கொள்ளுங்கள்.